அறுபதில் ஓடலாமா? இதயம் சொல்லும் 150 ஆண்டு வரலாறு

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோப்பெங்கில் ஒரு மன்ற நிகழ்ச்சி முடிந்து மேடையை விட்டு இறங்கியபோது ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு 61 வயசு. வேலை ஓய்வுக்கு அப்புறம் ஓட ஆரம்பிச்சாரு. இப்போ 21 கிலோமீட்டர் ஓடப் போறேன்னு பேரு கொடுத்துட்டு வந்து நிக்கிறாரு. அந்த வயசுல நெஞ்சு தாங்குமா? நான் விடுறதா, தடுக்கிறதா?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். வெகுசனத் தொடர்பியலில் டிப்ளோமா படித்தவன். ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுவது என் தொழில். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. காரணம், அதே கேள்வி எங்கள் வீட்டிலும் ஒரு நாள் எழுந்தது. அன்று எங்களிடம் பதில் இல்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 150 வயது ஆகிறது. "ஓடினால் இதயம் கெடும்" என்று ஒரு காலம் சொன்னது. "ஓடினால் இதயத்துக்கு ஒன்றுமே வராது" என்று இன்னொரு காலம் சொன்னது. இரண்டும் தவறு என்று தெரிவதற்குள் சில நல்ல மனிதர்களை இழந்துவிட்டோம். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

தோட்டத்தில் 'உடற்பயிற்சி' என்ற சொல்லே இல்லை

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். கோப்பெங் ஈயத்தால் எழுந்த ஊர். லம்பங்கள் ஒரு பக்கம், கித்தாத் தோட்டங்கள் மறு பக்கம். எங்கள் தாத்தா இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் நிரைக்குப் போக வேண்டும். ஓர் ஆளுக்கு 400, 500 மரங்கள். மேடும் பள்ளமுமான காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் நடந்து, குனிந்து, நிமிர்ந்து, வெட்டி, மறுபடி அதே வழியில் நடந்து பால் எடுத்து, வாளிகளைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். இது ஒரு நாள் வேலை அன்று. நாற்பது ஆண்டு வேலை.

அதே காலத்தில் கோலாலம்பூரில் ஒரு வேடிக்கை நடந்தது. 1938-இல் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் சிலர் கூடி 'ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். வார இறுதியில் குடித்த பீரின் மயக்கம் இறங்கவும், உடம்பு தளராமல் இருக்கவும் ஓடுவது அவர்கள் நோக்கம். இன்று உலகின் பல நாடுகளில் கிளை விட்டிருக்கும் அந்த இயக்கம் நம் நாட்டில் பிறந்தது. துரைமார் உடம்பைத் தேற்ற ஓடினார்கள். நம்மவர்கள் வயிற்றைக் கழுவ நடந்தார்கள். இதயத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. வேலை கொடுத்தால் அது வலுப்பெறும், அவ்வளவுதான்.

இதைச் சொல்வதால் தோட்டத்து வாழ்க்கை ஆரோக்கியமான வாழ்க்கை என்று நான் சொல்ல வரவில்லை. மலேரியாவும் அரைவயிற்றுச் சோறும் கள்ளும் எத்தனை பேரைக் கொண்டு போயின! பத்து காஜா போகும் வழியில் இருக்கும் கெல்லி மாளிகையைக் கட்டியபோது நோய் பரவிப் பல தமிழ்த் தொழிலாளர்கள் இறந்ததும், எஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டபடி அங்கே மாரியம்மன் கோவில் எழுந்ததும் இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த கதை. நான் சொல்வது ஒன்றே ஒன்று. அந்தத் தலைமுறைக்கு நடை என்பது தனியாகச் செய்ய வேண்டிய காரியமாக இருக்கவில்லை.

பிறகு என்ன ஆனது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. 1985-இல் ஈய விலை சரிந்து லம்பங்களும் ஓய்ந்தன. நம்மவர்கள் பட்டணத்துக்குப் போனார்கள். நடந்த சமுதாயம் உட்கார்ந்த சமுதாயம் ஆனது. ஆனால் தட்டில் சோற்றின் அளவு குறையவில்லை. தேநீரில் சீனியும் குறையவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவர். இனிப்பு நீர் இருக்கும் இடத்தில் இதய நோய் அடுத்த வீட்டுக்காரர் போல வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரட்டை மாடிப் பேருந்து சொன்ன பாடம்

உட்காருவது இதயத்தை என்ன செய்கிறது என்பதை முதன்முதலில் உலகுக்குக் காட்டியவர் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் இருக்கையில் இருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 படிகள். இருவரும் ஒரே வர்க்கம், ஒரே பேருந்து. ஆனால் 1953-இல் வெளியான மோரிஸின் ஆய்வில் நடத்துநர்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவாக இருந்தது தெரிந்தது.

அந்த நடத்துநரின் இடத்தில் நம் பால்மரத் தொழிலாளியை வைத்துப் பாருங்கள். லண்டன் மருத்துவர் கணக்கெடுத்துச் சொன்னதை நம் தாத்தா பாட்டி கால்களால் எழுதி வைத்திருந்தார்கள்.

மோரிஸ் தாமும் ஓடத் தொடங்கினார். 2009-இல் அவர் இறந்தபோது வயது 99.

இதயம் பெரிதாவது நோயா?

இனி ஓட்டக்காரர்களின் கதைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டியைப் பார்த்து, இப்படி உழைக்கும் இளைஞர்கள் இதயம் வெடித்து அற்பாயுளில் போய்விடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. ஜான் மோர்கன் என்ற மருத்துவர் பழைய படகோட்டிகளைத் தேடிப் பிடித்து விவரம் சேகரித்தார். 1873-இல் அவர் வெளியிட்ட முடிவு, படகு வலித்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது.

1899-இல் சுவீடனில் ஹென்ஷென் என்ற மருத்துவர் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, அந்த ஒலியை வைத்தே இதயத்தின் அளவைக் கணித்தார். நீண்ட தூரப் போட்டியாளர்களின் இதயம் பெரிதாக இருந்தது. அன்று முதல் 'விளையாட்டு வீரரின் இதயம்' என்ற சொல் மருத்துவத்தில் நிலைத்தது. அது வலிமையா, நோயா என்ற சண்டையும் உடன் பிறந்தது.

விவரம் எளிமையானது. நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்தால் அதன் அறைகள் சற்று விரிந்து, சுவர் வலுத்து, ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால் ஓய்வில் குறைவாகத் துடித்தாலே போதும். நிமிடத்துக்கு 72 முறை துடித்தது 52 ஆகக் குறைந்தால் ஒரு நாளைக்கு 28,800 துடிப்பு மிச்சம். சம்பளம் குறையாமல் வேலை நேரம் குறைந்த மாதிரி!

இதற்குச் சாட்சியாக ஒரு மனிதர் கிடைத்தார். கிளாரன்ஸ் டிமார் என்ற அமெரிக்கர். பத்திரிகை அச்சகத்தில் வேலை பார்த்தவர். 1911-இல் பாஸ்டன் மராத்தானுக்கு முன் அவரைச் சோதித்த மருத்துவர்கள், இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறது, இத்தோடு ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது என்று எச்சரித்தார்கள். அவர் அந்தப் போட்டியில் முதலாவதாக வந்தார். பின்னர் சில ஆண்டுகள் ஒதுங்கி இருந்தாலும் மீண்டும் வந்து மொத்தம் 7 முறை பாஸ்டனில் வென்றார். கடைசி வெற்றி 1930-இல், 41 வயதில். 65 வயதிலும் அதே சாலையில் ஓடினார்.

1958-இல் டிமார் புற்றுநோயால் இறந்தார். அவர் இதயத்தை ஆராய்ந்தபோது, அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சாதாரண மனிதருக்கு இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. அதிபர் ஐசனோவருக்கு மருத்துவம் பார்த்த பால் டட்லி வைட் உள்ளிட்ட இருவர் இதை 1961-இல் எழுதினார்கள். குழாயில் கொஞ்சம் கொழுப்புப் படிவு இருந்தது. ஆனால் குழாய் அகலம் என்பதால் இரத்த ஓட்டத்துக்குத் தடை இல்லை. 'ஓடினால் இதயம் கெடும்' என்ற அச்சம் அத்தோடு பெரும்பாலும் ஓய்ந்தது.

கவசம் என்று நம்பிய காலம்

அச்சம் போன இடத்தில் அசட்டுத் துணிச்சல் வந்து உட்கார்ந்தது. 1970-களில் தோமஸ் பேஸ்லர் என்ற அமெரிக்க மருத்துவர், புகைக்காமல் மராத்தான் தூரத்தை 4 மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பவருக்கு மாரடைப்பு மரணமே வராது என்று அடித்துச் சொன்னார். உலகமே ஓடத் தொடங்கியிருந்த நேரம் அது. கேட்க இனிப்பாக இருந்ததால் பலரும் நம்பினார்கள். ஆனால் 1979-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவர் குழுவினரும், மராத்தான் ஓடியவர்களுக்கும் இதயக் குழாய் அடைப்பு இருந்ததைப் பிரேதப் பரிசோதனைச் சான்றோடு வெளியிட்டார்கள்.

அதன்பிறகும் உலகம் விழிக்கவில்லை. விழிக்க வைத்தது ஒரு மரணம்.

ஜிம் ஃபிக்ஸ் என்று ஓர் எழுத்தாளர். 35 வயதில் அவர் எடை 97 கிலோ. நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு, 43-இல் மரணம். ஃபிக்ஸ் சிகரெட்டை விட்டார், ஓடத் தொடங்கினார், மெலிந்தார். 1977-இல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்காவையே ஓட வைத்தவர் என்று பெயர் எடுத்தார்.

1984 ஜூலை 20. வழக்கம்போல் ஓடப் போன ஃபிக்ஸ் சாலையோரத்தில் இறந்து கிடந்தார். வயது 52. பரிசோதனையில் ஓர் இதயக் குழாய் 95 விழுக்காடு அடைத்திருந்தது. மற்றவையும் பெருமளவு அடைத்திருந்தன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கென்னத் கூப்பர் என்ற புகழ்பெற்ற மருத்துவரின் நிலையத்துக்குப் போயிருந்தார். அங்கே டிரெட்மில் சோதனை செய்துகொள்ளச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

'பார்த்தீர்களா, ஓடினால் சாவுதான்' என்று ஊர் சிரித்தது. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். அப்பா 43-இல் போனார். மகன் அதே குடும்ப வாகோடு, அத்தனை ஆண்டு புகைத்த நுரையீரலோடு, 52 வரை இருந்தார். ஓட்டம் அவரைக் கொன்றதா, ஒன்பது ஆண்டு கூடுதலாகக் கொடுத்ததா? இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன். அவரைக் கொண்டுபோனது ஓட்டம் அன்று. ஓட்டமே போதும், சோதனை வேண்டாம் என்ற நினைப்பு.

எங்கள் வீட்டுக் கதை

ஃபிக்ஸின் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதில் என் அப்பா தெரிந்தார்.

தோட்டத்தில் பிறந்த அப்பா, இளைஞராக ஈப்போவுக்கு வந்து லாரி ஓட்டினார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்த இருக்கையில் கழிந்தன. மோரிஸ் சொன்ன ஓட்டுநர் அவர்தான். 57 வயதில், கூட்டாளிகளோடு சேர்ந்து காலையில் நடக்கத் தொடங்கினார். நடை ஓட்டமானது. வயிறு குறைந்தது. 10 கிலோமீட்டர் பதக்கத்தைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டினார். எங்களுக்கெல்லாம் பெருமை.

ஒரு நாள் அம்மாதான் கவனித்தார். ஓடிவிட்டு வந்தால் அப்பா வாசலில் நின்று நெஞ்சைத் தடவுகிறார். கேட்டால் "காற்றுப் பிடிச்சிருக்கு" என்பார். ஓமத் தண்ணி குடிப்பார். பசியாறிவிட்டுப் படுத்துக்கொள்வார். நின்றால் வலி போகிறது, மேட்டில் ஓடினால் வருகிறது. இப்படி இரண்டு மாதம். கடைசியில் அம்மா பிடிவாதம் பிடித்து அழைத்துப் போனார். ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. டிரெட்மில்லில் தெரிந்தது. ஆஞ்சியோகிராமில் இரண்டு குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

படுக்கையில் இருந்த அப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்போ நான் ஓடினதெல்லாம் வீணாடா தம்பி?"

மருத்துவர் பதில் சொன்னார்: "இல்லைங்க ஐயா. இந்த அடைப்பு ரெண்டு வருஷ ஓட்டத்துல வந்தது இல்ல. முப்பது வருஷமா சேர்ந்தது. ஓடினதாலதான் அது வெளியில தெரிஞ்சுது. நீங்க செஞ்ச ஒரே தப்பு, தெரிஞ்சதை ரெண்டு மாசம் மறைச்சதுதான்."

அப்பா இப்போது நடக்கிறார். மருத்துவர் சொன்ன அளவுக்கு மெதுவாக ஓடவும் செய்கிறார். பதக்கம் அதே இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் மாத்திரைப் பெட்டியும் இருக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால்

சரி, அடைப்பு எதுவும் இல்லாத ஆரோக்கியமான ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாமா? கடந்த 20 ஆண்டுகளாக மருத்துவர்கள் ஆராய்ந்துவரும் கேள்வி இது.

2008-இல் ஜெர்மனியில் 50 வயதைத் தாண்டிய 108 மராத்தான் ஓட்டக்காரர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு எதிர்பார்த்ததைவிட அதிகம். அவர்களில் பலர் முன்பு புகைத்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2017-இல் பிரிட்டனில் மூத்த விளையாட்டாளர்களைப் பார்த்தபோதும், ஆண்களிடம் இத்தகைய படிவு கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அப்படி இல்லை. ஆனால் அந்த ஆண்களின் படிவு பெரும்பாலும் கெட்டிப்பட்ட வகை. திடீரென்று வெடித்து இரத்தக் கட்டியை உண்டாக்குவது பெரும்பாலும் மென்மையான படிவுதான். கெட்டியானது அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்று கருதப்படுகிறது. 2019-இல் அமெரிக்காவில் 21,758 ஆண்களின் விவரத்தைப் பார்த்த ஆய்வும், மிக அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்களிடம் படிவு கூடுதலாக இருந்தாலும் அதனால் மரணம் கூடவில்லை என்றே சொன்னது.

இன்னொன்று, இதயத் துடிப்பின் தாளம். சுவீடனில் 'வாசலோப்பெட்' என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி உண்டு. அதில் கலந்துகொண்ட 52,755 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு முறை முடித்தவர்களைவிட, 5 முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு மேலறைகளின் துடிப்பு தாளம் தப்பும் கோளாறு 29 விழுக்காடு அதிகம். மேளக்காரர் தாளம் தப்பினால் கச்சேரி கெடும். இதயத்தின் மேலறை தாளம் தப்பினால் இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம்.

பயந்துவிடாதீர்கள். இதே போட்டியாளர்களைப் பற்றிய முந்தைய ஆய்வு ஒன்றில், அவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. ஆக, ஓடுகிறவர் நீண்ட நாள் வாழ்கிறார். மிக அதிகமாக, மிக வேகமாக, பல பத்தாண்டுகள் ஓடுகிறவர் தம் துடிப்பைக் கவனிக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற நம் பழமொழியைத்தான் இந்த ஆய்வுகளும் வேறு மொழியில் சொல்கின்றன.

போட்டியின்போதே விழுந்துவிட்டால்? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை 1 கோடியே 9 லட்சம் மராத்தான், அரை மராத்தான் ஓட்டக்காரர்களில் 59 பேருக்கு இதயம் நின்றது. 42 பேர் இறந்தார்கள். 2010 முதல் 2023 வரையிலான அடுத்த கணக்கு 2025-இல் வந்தது. ஏறத்தாழ 2 கோடியே 93 லட்சம் பேரில் 176 பேருக்கு இதயம் நின்றது, 59 பேர் இறந்தார்கள். இதயம் நிற்பது குறையவில்லை. ஆனால் முன்பு பத்தில் ஏழு பேர் இறந்தார்கள், இப்போது மூன்றில் இரண்டு பேர் பிழைக்கிறார்கள். அருகில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ததும், மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். நம் கோவில் திருவிழாவுக்கும் தமிழ்ப்பள்ளி ஓட்டத்துக்கும் அன்னதானத்துக்கு ஏற்பாடு செய்கிறோம். இந்த முதலுதவி தெரிந்த நான்கு பேரை நிறுத்த ஏற்பாடு செய்கிறோமா?

எந்த வயதில் தொடங்கலாம்?

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1966-இல் 20 வயது இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்களின் உடல் திறன் மளமளவென்று சரிந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 50 வயதில் அதே ஐவரைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 30 ஆண்டு முதுமை செய்த கெடுதலைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதல் அதிகம்! பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதால் இழந்த திறனை அவர்கள் திரும்பப் பெற்றார்கள்.

அதே நகரில் பெஞ்சமின் லெவின் குழுவினர் 2018-இல் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். 45 முதல் 64 வயது வரையுள்ள, உட்கார்ந்தே பழகிய ஆரோக்கியமானவர்களை இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு 4, 5 நாள் பயிற்சி செய்ய வைத்தார்கள். வயதால் விறைத்துப்போன இதயத் தசை மீண்டும் இளகியது. அந்த நெகிழ்ச்சி 25 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 18 விழுக்காடு உயர்ந்தது. 65 வயதுக்கு மேல் தொடங்கியவர்களுக்கு உடல் திறன் கூடினாலும், தசையின் விறைப்பு அவ்வளவாகத் தளரவில்லை என்று அவர்களின் முந்தைய ஆய்வு காட்டியது. எந்த வயதிலும் பயன் உண்டு. ஆனால் முன்கூட்டித் தொடங்கியவருக்குப் பயன் அதிகம்.

நம்மவர்களில் உதாரணம் வேண்டுமா? தமிழ்நாட்டில் மா. சுப்பிரமணியன் இருக்கிறார். சென்னை மேயராக இருந்தவர், 2021-இல் சுகாதார அமைச்சரானவர். சாலை விபத்தில் காலில் பலத்த காயம்பட்டவர். நடையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக முன்னேறி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடியிருக்கிறார்.

பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 89 வயதில், 2000-ஆம் ஆண்டு லண்டனில் தம் முதல் மராத்தானை ஓடினார். 100 வயது என்று சொல்லப்பட்ட 2011-இல் டொரொண்டோவில் முழு மராத்தானை எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஏற்கவில்லை. 2025 ஜூலையில் அவர் இறந்தது இதய நோயால் அன்று. சொந்த ஊரில் சாலையில் நடந்து போனபோது கார் மோதியதால்.

இவர்களில் யாரும் பக்கத்து வீட்டுக்காரரை முந்த வேண்டும் என்று ஓடத் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த அம்மாவுக்கு என் பதில்

அம்மா, உங்கள் வீட்டுக்காரரைத் தடுக்காதீர்கள். ஆனால் ஓடுவதற்கு முன் ஒரு நாள் அவரோடு மருத்துவரிடம் போய் வாருங்கள். இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றும் பார்க்கட்டும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி நன்றாக இருந்தது என்பதோடு திருப்தி அடைய வேண்டாம். எங்கள் அப்பாவுக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே போக முடிந்தால் அந்த வேகம் சரி. பேச்சு திக்கினால் குறைக்க வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் ஓடவே கூடாது.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தலைசுற்றல், தாறுமாறான படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் நிற்க வேண்டும். 'காற்று' என்று சொல்லி ஓமத் தண்ணி குடிக்க வேண்டாம். நின்றும் வலி விடவில்லை என்றால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று தோன்றவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். நீங்களும் அவரோடு கிளம்புங்கள், அம்மா. ஓட வேண்டாம், நடந்தால் போதும். உங்கள் அம்மாவும் பாட்டியும் விடிவதற்கு முன் இதே மண்ணில் நடந்தவர்கள்தானே? அன்று கங்காணி பெயர் கூப்பிட்டதால் நடந்தார்கள். இன்று யாரும் கூப்பிட மாட்டார்கள். நாமாகத்தான் எழுந்து போக வேண்டும்.